ஊசியேந்திய அரசி

ஒரு முழம் லினன் துணி, ஓர் ஊசி, சில பட்டு நூற்கண்டுகள். இவற்றைத் துணையாகக் கொண்டு ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் சிறைவாசத்தைத் தாங்கிக்கொள்ள முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட். அவருடைய அரசியல் வாழ்வைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துள்ளன. நாமோ அவருடைய கையிலிருந்த துணியையும் நூலையும் பின்பற்றிச் சென்று அவருடைய வாழ்வைக் காண்போம்.

1542ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் லின்லித்கோ அரண்மனையில் மேரி பிறந்தார். ஆறே நாட்களில் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் இறந்தார். தொட்டிலில் கிடந்த குழந்தை நாட்டின் அரசியாயிற்று. ஐந்து வயதில் பாதுகாப்புக்காகப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கே மொழிகள், இசை, நடனம் ஆகியவற்றோடு பூத்தையலும் அரசகுலப் பெண்களின் கல்வியில் ஒரு பகுதியாக இருந்தது. 1558இல் பிரான்சு இளவரசர் பிரான்சிசை மணந்தார். மறு ஆண்டு அவர் மன்னரானார். அதற்கடுத்த ஆண்டே காலமானார். பதினெட்டு வயது நிறைவதற்குள் மேரி கைம்பெண்ணானார்.

1561இல் தாய்நாடு திரும்பியபோது அங்கே புராட்டஸ்டண்டு பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. கத்தோலிக்க அரசியை அவர்கள் ஐயத்தோடு நோக்கினர். அமைச்சரவைக் கூட்டங்களில் இளம் அரசி கையில் ஏதேனும் தையல் வேலையுடன் அமர்ந்து, தைத்துக்கொண்டே விவாதங்களைக் கேட்டார் என்று ஆங்கிலேயத் தூதர் தம் நாட்டுக்கு எழுதினார்.

அடுத்து வந்த ஆண்டுகள் துயரமானவை. 1565இல் டார்ன்லி பிரபுவை மணந்தார். 1566இல் மகன் ஜேம்ஸ் பிறந்தான். 1567 பிப்ரவரியில் டார்ன்லி கொலையுண்டார். அக்கொலையில் மேரிக்குப் பங்குண்டா என்பது இன்றுவரை வரலாற்று ஆசிரியர்கள் விவாதிக்கும் கேள்வி. ஆனால் கொலைப்பழி சுமந்த பாத்வெல் பிரபுவை மூன்றே மாதங்களில் மணந்தது பெரும் தவறு என்பதில் ஐயமில்லை. மக்கள் வெகுண்டனர். லாக்லீவன் ஏரியின் நடுவிலிருந்த கோட்டையில் அரசி அடைக்கப்பட்டார். முடியைக் கைக்குழந்தையான மகனுக்குத் துறக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார். அந்த வேளையிலும், துணியில் சித்திரம் வரைந்து தரும் ஒரு பூவேலைக்காரரைத் தமக்கு அனுப்புமாறு அவர் கேட்டார்.

1568 மே மாதம் சிறையிலிருந்து தப்பி, போரில் தோற்று, இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கே ஆண்ட எலிசபெத் அரசி, மேரியின் தந்தைக்கு மாமன் மகள். உறவினர் காப்பார் என்று நம்பி வந்தவருக்குக் காவலே கிடைத்தது. இங்கிலாந்தின் அரியணைக்கு உரிமையுடைய மேரியை வெளியே விட எலிசபெத் அஞ்சினார்.

1569 முதல் 1584 வரை ஷ்ரூஸ்பரி பிரபு அவருக்குக் காவலராக இருந்தார். பிரபுவின் மனைவி பெஸ் சீமாட்டியும் தையலில் தேர்ந்தவர். கைதியும் காவலரின் மனைவியும் ஓர் அறையில் அமர்ந்து பல நாட்கள் தைத்தனர். டட்பரி கோட்டைக்கு வந்த ஒரு விருந்தினர், மழைநாட்களில் பொழுது எவ்வாறு கழிகிறது என்று மேரியிடம் வினவினார். நாள் முழுதும் தைப்பதாகவும், நூல்களின் பல நிறங்கள் சலிப்பைக் குறைப்பதாகவும், உடல் வலி பொறுக்க முடியாதபோதே ஊசியைக் கீழே வைப்பதாகவும் அவர் விடையளித்தார்.

அவர்கள் தைத்தவற்றுள் பெரும்பாலானவை நாம் தையல் வகுப்பில் பழகும் குறுக்குத் தையலே. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது லினன் கித்தான். ஆளிச் செடியின் தண்டை நீரில் ஊறவைத்து, நாரைப் பிரித்து, நூற்று நெய்வதே லினன். இத்துணியை ஏன் தேர்ந்தார்கள் என்பதைத் தையல் பழகும் பெண்கள் எளிதில் உணர்வார்கள். குறுக்குத் தையலுக்கு இழைகளை எண்ண வேண்டும். பாவிலும் ஊடையிலும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்த்து, இரண்டும் ஒத்திருக்கும் துணியையே எடுக்க வேண்டும். இல்லையேல் வட்டமாகத் தொடங்கும் பூ முட்டை வடிவில் முடியும். லினன் எளிதில் இழுபடாது. நனைந்தால் அதன் இழை மேலும் வலுப்பெறும். விளிம்பில் இழை பிரியும் இயல்புடையதாதலால், நாற்புறமும் தாராளமாக இடம் விட்டு வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தபின் வேலையைத் தொடங்குவது நலம். எல்லாத் தையலிலும் மேலே வரும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஓரிழை தவறினாலும் பொறுமையோடு பிரித்து மீண்டும் தைக்கலாம்.

அரசிக்குச் சித்திரங்கள் எங்கிருந்து கிடைத்தன? கெஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞரின் விலங்கு நூல் போன்றவற்றிலிருந்து பறவைகளையும் விலங்குகளையும் மீன்களையும் எடுத்துத் துணியில் வரைந்துகொண்டார்கள். ஆனால் மேரியின் சித்திரங்கள் வெறும் அலங்காரமல்ல. ஒரு துண்டில் செம்பட்டை நிறப் பூனையும் அதனருகே ஓர் எலியும் உள்ளன. செந்நிறக் கூந்தலுடைய எலிசபெத்தே பூனை, சிறைப்பட்ட மேரியே எலி என்று பலர் பொருள் கொள்கின்றனர். இத்துண்டு எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனையில் உள்ளது. கடிதங்களை ஒற்றர்கள் படித்தனர். ஊசி எழுதியதை எல்லாராலும் படிக்க இயலவில்லை.

ஆயினும் ஊசியும் ஒருமுறை ஆபத்தை விளைவித்தது. தம்மை மணக்க எண்ணிய நார்ஃபக் கோமகனுக்கு மேரி ஒரு திண்டு உறை தைத்து அனுப்பினார். வானத்திலிருந்து நீளும் ஒரு கை திராட்சைக் கொடியைக் கத்தரிப்பதாகவும், வெட்டுண்டதால் நற்பண்பு தழைக்கும் என்று பொருள்படும் இலத்தீன் வாசகம் அமைந்ததாகவும் அந்தச் சித்திரம் இருந்தது. காய்க்காத கிளை எலிசபெத்தைக் குறிப்பதாகக் கருதப்பட்டது. கோமகன்மீது நடந்த விசாரணையில் இத்திண்டும் பேசப்பட்டது. 1572இல் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அதன்பின் மேரி இணக்கத்தை நாடினார். 1574இல் சிவப்புப் பட்டில் வெள்ளி இழையால் பூவேலை செய்த ஒரு பாவாடையைப் பிரெஞ்சுத் தூதர் வழியாக எலிசபெத்துக்கு அனுப்பினார். எலிசபெத் மகிழ்ந்து பெற்றுக்கொண்டார். ஆனால் சிறைக்கதவு திறக்கவில்லை. ஒருவரையொருவர் நேரில் காணாமலே அவ்விருவர் வாழ்வும் முடிந்தது. பத்து மாதக் குழந்தையாகக் கடைசியாகப் பார்த்த மகனையும் மேரி மீண்டும் காணவில்லை.

1586இல் எலிசபெத்தைக் கொல்லத் தீட்டிய சதிக்கு உடன்பட்டார் என்ற குற்றச்சாட்டில் மேரி விசாரிக்கப்பட்டார். 1587 பிப்ரவரி 8ஆம் நாள் காலை, ஃபாதரிங்கே கோட்டை மண்டபத்தில் கொலைமேடை ஏறினார். அப்போது அவருக்கு வயது 44. தம் குருவானவரைக் காண அனுமதி கிடைக்கவில்லை. கையில் பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்திருந்தார். பணிப்பெண் ஒருத்தி திருமேனித் துகில் ஒன்றை முக்கோணமாக மடித்து, முத்தமிட்டு, அரசியின் கண்களைக் கட்டினாள் என்று அன்றைய குறிப்பு கூறுகிறது. ஆண்டவரின் உடல் கல்லறையில் லினன் துணியால் சுற்றப்பட்டதன் நினைவாக, திருமேனித் துகிலை லினனால் ஆக்குவதே திருச்சபையின் நீண்டகால வழக்கம். வாழ்நாளெல்லாம் கையில் ஏந்திய துணியே இறுதியில் கண்களை மூடியது.

1603இல் அவருடைய மகன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். 1612இல் தாயின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தார். மேரியும் பெஸ் சீமாட்டியும் தைத்த துண்டுகள் பல, பிற்காலத்தில் பச்சை வெல்வெட்டில் பொருத்தப்பட்டு, நார்ஃபக் பகுதியின் ஆக்ஸ்பரோ மாளிகையில் காக்கப்பட்டு வருகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் லினன் இழைகள் அந்தப் பட்டு நூல்களை ஏந்தி நிற்கின்றன.

அன்புச் சகோதரிகளே, மேரி குறையற்றவரல்லர். அவசரத்தில் எடுத்த முடிவுகளைத் துணியில் விழுந்த தவறான தையலைப்போல் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. ஆனால் எல்லா உரிமைகளையும் இழந்த பின்னும், அடுத்த தையலை நேராகப் போடும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நம் கையிலுள்ள துணி சிறிதாயினும், இழை எண்ணி, ஒவ்வொரு தையலாய், பொறுமையோடு முடிப்போம்.