விழப் பழக்கிய கொய்சுமி

என்ர மகனுக்கு யூடோ வகுப்பில் முதலில் பழக்கினது அடிபடாமல் விழுறதுக்குத்தான். இந்தக் கலையை இலண்டனில் வேரூன்றச் செய்தவர் குஞ்சி கொய்சுமி. 1885 இல் யப்பானில் பிறந்து, 1906 இல் பிரித்தானியாவுக்கு வந்தவர். அரக்குப் பூச்சுப் பொருள் வியாபாரம் செய்தார். 1918 இல் விக்ரோறியாப் பகுதியில், தன் கைக்காசைப் போட்டு ‘புடோக்வாய்’ கழகத்தைத் தொடங்கினார். அப்போது அவர் கற்பித்தது பழைய யுயுற்சு. 1920 இல் யூடோவை உருவாக்கிய கானோ அங்கு வந்தார். 35 வதில், ஊரறிந்த ஆசானாயிருந்தும், கொய்சுமி யூடோவுக்கு மாறினார். இரண்டாம் ‘டான்’ தரத்தை ஏற்றுக்கொண்டார். ஊரில் அதிபராயிருந்துவிட்டு இங்கே இரவு வகுப்பில் குந்தியிருக்கிற எங்கட ஆக்களுக்கு அதன் பாரம் விளங்கும். 1948 இல் பிரித்தானிய யூடோ சங்கம் உருவாகவும் முன்னின்றார். 1965 இல் காலமானார். கழகம் இன்றும் நடக்குது.