கொந்தளிப்பைக் கணக்கிட முயன்ற தமிழர்

விஞ்ஞானி சு. சந்திரசேகர் என்றவுடன் 'சந்திரசேகர் எல்லை'யே நம் நினைவுக்கு வரும். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குறு விண்மீன் நிலைத்திருக்க இயலாது என்ற அம்முடிவும், 1983-இல் அவர் பெற்ற நோபல் பரிசும் யாவரும் அறிந்தவை. ஆனால், இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னைப் பெரிதும் ஈர்த்தது, அவர் வாழ்வில் அதிகம் பேசப்படாத வேறொரு பகுதி. அதையே இங்கு எழுத விழைகிறேன்.

1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறை அதிகாரி, சர் சி. வி. இராமன் அவருக்குச் சிற்றப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1935-இல் அவருடைய முடிவை வானியல் மேதை எடிங்டன் அறிஞர் அவையிலேயே எள்ளி நகையாடினார். அப்போது சந்திரசேகருக்கு வயது 24. வாதாடிக் காலங்கழிக்காமல் வேறு ஆய்வுகளுக்குத் திரும்பினார். 1936-இல் லலிதா அம்மையாரை மணந்தார். 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு துறையை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைப்பது, நூலாக எழுதி முடிப்பது, பின் அடுத்த துறைக்குச் செல்வது என்பதே அவர் வழக்கமாயிற்று.

1940-களின் இறுதியில் அவர் எடுத்துக்கொண்டது கொந்தளிப்பு. எங்கள் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தருகே முகத்துவாரத்தில் ஆற்றுநீரும் கடலலையும் மோதும்போது, பெரிய சுழல் உடைந்து சிறு சுழல்களாகி, அவையும் உடைந்து மறைவதைக் காணலாம். ஒவ்வொரு சுழலையும் தனித்தனியே கணக்கிட எவரால் இயலும்? சராசரிகளைத்தான் பிடிக்கவேண்டும். விண்வெளியிலோ சிக்கல் இன்னும் பெரிது. அங்குள்ள வாயு, மின்னூட்டம் பெற்ற பிளாஸ்மா. காந்த விசைக்கோடுகள் அதனோடு பிணைந்து, இழுத்துக் கட்டிய வீணைத் தந்திகள்போல் அதிரும். அந்த அதிர்வே ஆல்வென் அலை. காந்தப்புலத்தோடு கூடிய இக்கொந்தளிப்புக்குச் சந்திரசேகர் 1951-இல் கணித வடிவம் தந்தார்.

1953-இல் என்ரிக்கோ ஃபெர்மியும் அவரும் எழுதிய ஆய்வுரை எளிமைக்கு ஓர் இலக்கணம். காந்தப்புலம் வலிதாயின் கொந்தளிக்கும் வாயு அதன் கோடுகளை அதிகம் வளைக்க முடியாது. மெலிதாயின் அவை தாறுமாறாகும். விண்மீன் ஒளியின் முனைவாக்கத் திசை எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைக் கொண்டு அவ்வளைவை அறியலாம். வாயுவின் அடர்த்தியும் வேகமும் தெரிந்தால் புலத்தின் வலிமை கிடைத்துவிடும். இப்படி நம் பால்வீதியின் காந்தப்புலத்தை அவர்கள் மதிப்பிட்டனர்: ஒரு காஸில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 7 பங்கு! அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

1955-இல் கொந்தளிப்புக்கே ஒரு பொதுக் கொள்கையை வெளியிட்டார். அது நிலைபெறவில்லை. முன்பு எடிங்டன் மறுத்தபோது இயற்கை சந்திரசேகர் பக்கம் இருந்தது. இம்முறை இயற்கையே இணங்கவில்லை. இதுதான் கடினமான சோதனை என்பது என் கருத்து. அவர் சோர்ந்து உட்காரவில்லை. கற்றதைக் கொண்டு பாய்மங்களின், பிளாஸ்மாவின் நிலைப்பாட்டை ஆராய்ந்தார். 1961-இல் வெளிவந்த அவரது பெருநூலை இன்றும் ஆய்வாளர்கள் பயில்கின்றனர்.

1995 ஆகஸ்ட் 21-இல் சிகாகோவில் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட 'சந்திரா' எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அவர் பெயர் தாங்கியது. கொந்தளிப்போ இன்னும் முழுதும் விடுபடாத புதிர்.

நண்பர்களே! வென்ற கணக்குகளை மட்டுமே தேர்வில் எழுதுகிறோம். முடியாத கணக்கிலும் பல்லாண்டு உழைத்தவர் அவர் என்பதையும் நினைவில் கொள்வோம்.