மூன்றாவது பூச்சு

டென்மார்க் நாட்டின் ஜட்லாந்து தீபகற்பத்தில் பில்லுண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அது சில வீடுகளும் பண்ணைகளும் மட்டுமே கொண்ட சிற்றூர். அங்கே ஒரு தச்சர் வாழ்ந்தார். அவர் பெயர் ஓலே கேர்க் கிறிஸ்டியன்சன். இன்று உலகெங்கும் பிள்ளைகளின் கைகளில் இருக்கும் லெகோ கட்டிகளின் தந்தை அவர்தான்.

அவருடைய வாழ்க்கையை நம் மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நான் நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியை. லெகோவில் டெக்னிக் என்று ஒரு வகை இருக்கிறது. பற்சில்லு, அச்சு, கப்பி முதலியவற்றைக் கொண்டு உண்மையாகவே இயங்கும் பொறிகளை அதில் கட்டலாம். அந்தத் தொகுதிகளைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. பசறைக் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்திய வாப்பாவின் மகளுக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வருபவர்கள் அலுமாரியைப் பார்த்துவிட்டு, இவை யாருடைய பிள்ளைக்கு என்று கேட்பார்கள். எனக்குத்தான் என்றால், இதைவிடப் பயனுள்ளதாக ஏதாவது செய்யலாமே என்பார்கள். இதே கேள்வியை ஓலே கேர்க்கும் தம் ஊராரிடமிருந்து கேட்டிருக்கிறார்.

அவர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி பிள்ளைகள் பலர் இருந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதளவில் மூத்த சகோதரரிடம் தச்சுத் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு ஜெர்மனியிலும் நோர்வேயிலும் சில ஆண்டுகள் உழைத்துச் சிறிது பணம் சேர்த்தார். 1916இல் ஊர்ப்பக்கம் திரும்பி, பில்லுண்டில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அதே ஆண்டில், நோர்வேயில் சந்தித்த கேர்ஸ்டீன் என்ற பெண்ணை மணந்தார். கோடையில் வீடுகளும் பண்ணைக் கட்டடங்களும் கட்டுவார். குளிர்காலத்தில் பட்டறைக்குள் இருந்து கதவு, ஜன்னல், அலுமாரி செய்வார்.

1924இல் முதல் சோதனை வந்தது. அவருடைய சின்னஞ்சிறு மகன்கள் பட்டறையில் விளையாடியபோது மரச்சீவல்களில் தீப்பற்றியது. பட்டறையும் அதனோடு சேர்ந்திருந்த வீடும் எரிந்து போயின. அவர் முன்பைவிடப் பெரிய கட்டடமாக அதை மீண்டும் எழுப்பினார்.

சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. பண்ணைக்காரர்களிடம் பணமில்லை, வீடு கட்டுவோர் இல்லை. தொழிலாளர்களை ஒவ்வொருவராக அனுப்ப வேண்டிய நிலை. வேறு வழியில்லாமல் ஏணி, இஸ்திரிப் பலகை, முக்காலி என்று சிறு பொருட்கள் செய்யத் தொடங்கினார். 1932இல் மர விளையாட்டுப் பொருட்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டில் கேர்ஸ்டீன் இறந்தார். நான்கு மகன்கள், வருமானமில்லாத பட்டறை, நாற்பத்தொரு வயது. கைதேர்ந்த தச்சர் ஒருவர் விளையாட்டுச் சாமான் செய்து காலத்தை வீணாக்குகிறாரே என்று ஊரார் அவரிடம் கேட்டது இந்தக் காலத்தில்தான்.

அவர் பதில் சொல்லவில்லை, வேலையைத் தொடர்ந்தார். மரக்கார், மரவாத்து, மரரயில் எல்லாவற்றையும் வீட்டுத் தளபாடம் போலவே நன்கு உலர்ந்த மரத்தில் செய்தார். பணத்துக்குப் பதிலாக உணவுப் பொருட்களைக் கொடுத்து அவற்றை வாங்கியவர்களும் இருந்தார்கள். ஒரு சமயம் யோயோ விளையாட்டு நாடெங்கும் பரவியது. அதை நம்பி நிறையச் செய்தார். மோகம் திடீரென்று அடங்கிவிட்டது. மிஞ்சிய யோயோக்களை இரண்டாக வெட்டி, விளையாட்டு வண்டிகளுக்குச் சில்லுகளாகப் பூட்டினார். கையிலிருப்பது எதுவும் கழிவல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது. 1934இல், நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, தம் நிறுவனத்துக்கு லெகோ என்று பெயரிட்டார். அதே ஆண்டில் மறுமணம் செய்தார். பின்னர் ஒரு மகளும் பிறந்தாள்.

ஓலே கேர்க்கின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி மிகச் சிறியது. மகன் கொட்ஃபிரெட் ஒருநாள் மரவாத்துகளைப் பெட்டிகளில் அடுக்கி, புகையிரத நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினான். நிறுவனத்துக்கு இன்று காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்றான். எப்படி என்று தந்தை கேட்டார். வழக்கமாக மூன்று முறை பூசும் வார்னிஷை இரண்டு முறையோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னான். தந்தை சத்தம் போடவில்லை. உடனே போய் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொரு வாத்துக்கும் மூன்றாவது பூச்சைப் பூசி, மறுபடி அடுக்கி அனுப்பும்படி சொன்னார். அதைத் தனியாகச் செய்ய வேண்டும். இரவெல்லாம் விழித்தாவது முடிக்க வேண்டும் என்றார். மகனும் செய்தான். பிற்காலத்தில் நிறுவனத்தையே நடத்திய அந்த மகன், தரம் என்றால் என்ன என்பதை அன்றுதான் படித்ததாகச் சொல்லி வந்தார்.

மூன்றாவது பூச்சு இல்லாவிட்டாலும் அந்த வாத்துகள் விற்றிருக்கும். வாங்கிய பிள்ளைக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனாலும் செய்தவருக்குத் தெரியும். டெக்னிக் தொகுதி ஒன்றைக் கட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வாத்துகள் நினைவுக்கு வருகின்றன. ஒரு காரின் மாதிரியில் பற்சில்லுப் பெட்டி அடிவயிற்றில் புதைந்திருக்கும். மேலே தகடுகள் மூடிய பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கே ஓர் அச்சு அரைவாசி மட்டும் நுழைந்திருந்தால், வெளித்தோற்றம் கெடாது. சுக்கானைத் திருப்பும்போதுதான் உண்மை வெளிப்படும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்மையாக இருக்க இந்தப் பொழுதுபோக்கு என்னைப் பழக்குகிறது. வரவேற்பறையை அலங்கரிக்கும் சேகரிப்புகள் பல உண்டு. கையைத் திருத்தும் சேகரிப்பு குறைவு.

1942இல் தீ மீண்டும் வந்தது. அப்போது டென்மார்க் ஜெர்மனியப் படைகளின் பிடியில் இருந்தது. தொழிற்சாலை சாம்பலானது. ஆண்டுக்கணக்கில் செய்து வைத்திருந்த மாதிரிகளும் வரைபடங்களும் அதனோடு போயின. கையில் இருந்த வேலைப்பாடு மட்டும் எரியவில்லை. ஐம்பது வயதைக் கடந்திருந்த மனிதர், அதே பில்லுண்டில் மூன்றாம் தடவையாக அடித்தளத்திலிருந்து தொடங்கினார்.

சேகரிப்பவர்களிடையே நெடுங்காலமாக ஒரு வாதம் உண்டு. பெட்டியைத் திறக்காமல் முத்திரையோடு வைத்தால் பிற்காலத்தில் விலை ஏறும் என்பது ஒரு பக்கம். திறந்து கட்டினால்தான் பயன் என்பது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம். அதிலும் ஒருபடி மேலே போய், கட்டியதைக் கழற்றவும் வேண்டும் என்பேன். வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டும்போது இன்னொருவரின் சிந்தனையைப் படிக்கிறோம். கழற்றும்போது, ஒவ்வொரு துண்டும் ஏன் அங்கே இருந்தது என்பது புரிகிறது. பிறகு புத்தகம் இல்லாமல் கட்டும்போது நம் சிந்தனை பிறக்கிறது. திறக்காத பெட்டி இந்த மூன்றில் எதையும் தராது. ஓலே கேர்க்கின் வரைபடங்கள் எரிந்த பிறகும் அவர் கட்டினார் என்றால், அவருடைய சேகரிப்பு பெட்டியில் இருக்கவில்லை என்றுதானே பொருள்?

போர் முடிந்ததும் அவர் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். ஒரு மரப்பட்டறைக்கு அது மிகப் பெரிய செலவு. மரமே சிறந்தது என்று குடும்பத்தினரும் எண்ணினார்கள். பிரித்தானியாவைச் சேர்ந்த ஹிலரி பேஜ் என்பவர் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டிகளை ஏற்கெனவே வடிவமைத்திருந்தார். அவற்றின் மாதிரிகள் ஓலே கேர்க்கின் கைக்கு வந்தன. அவற்றைச் சற்று மாற்றி 1949இல் தம் கட்டிகளை வெளியிட்டார். முதல் எண்ணம் பேஜுடையது என்பதை மறைக்காமல் சொல்வதுதான் முறை. தொடக்கத்தில் அவை சரியாக விற்கவுமில்லை. கடைகளிலிருந்து பல திரும்பி வந்தன. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் உதிரும் என்ற குறையும் இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது, கட்டியின் உட்புறத்தில் சேர்க்கப்பட்ட சிறு குழாய்கள். மேலிருக்கும் குமிழ்களை அவை இறுகப் பிடித்தன. கொட்ஃபிரெட்டின் பொறுப்பில் உருவான அந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமை கோரப்பட்டது. நோயால் தளர்ந்திருந்த ஓலே கேர்க் அதே ஆண்டு மார்ச் 11ஆம் திகதி, தம் அறுபத்தாறாவது வயதில் மறைந்தார். தாம் தொடங்கி வைத்தது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க அவருக்குக் கிடைத்த காலம் ஆறு வாரங்கள்.

எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு கணக்கு. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டிகள் இரண்டை 24 விதமாக இணைக்கலாம். ஆறு கட்டிகள் இருந்தால், இணைக்கக்கூடிய விதங்கள் 91 கோடி 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765. இன்னொரு விடயம்: 1958இல் வார்த்த கட்டி, இன்று வார்த்த கட்டியோடு பொருந்தும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர் என்ற அளவு மாறவில்லை. என்னைப் போன்ற சம்பளக்காரிக்கு இது பெரிய உதவி. என் சேகரிப்பில் புதிய பெட்டிகள் மிகக் குறைவு. மத்திய கிழக்கிலிருந்து உறவினர் எப்போதோ கொண்டுவந்து, பிள்ளைகள் வளர்ந்ததும் ஒதுக்கிய கட்டிகள்தான் அதிகம். கழுவி, வகை பிரித்து, பால்மா டின்களில் போட்டு வைத்திருக்கிறேன். யார் எந்த ஆண்டில் வாங்கியது என்று கட்டி கேட்பதில்லை, பொருந்துகிறது. முப்பது ஆண்டுக்கு முந்திய துண்டு இன்றைய துண்டோடு சேர்ந்து சொடுக்கென்று பூட்டும்போது, வாத்துக்கு மூன்றாவது பூச்சுக் கேட்ட மனிதர் இன்னும் தொழிற்சாலையில் நிற்பதாகத் தோன்றும்.

அவர் மறைந்து 19 ஆண்டுகளின் பின், 1977இல், டெக்னிக் வரிசையின் முதல் தொகுதிகள் வந்தன. சுக்கானைத் திருப்பினால் சில்லு திரும்பும், தள்ளினால் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் கார் அவற்றில் ஒன்று. எட்டுப் பற்கள் கொண்ட சில்லு, இருபத்து நான்கு பற்கள் கொண்ட சில்லைச் சுற்றினால், சின்னது மூன்று முறை சுற்ற, பெரியது ஒரு முறை சுற்றும். வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும். திருப்பும் வலு ஏறத்தாழ மூன்று மடங்காகும். இதைக் கரும்பலகையில் எழுதினால் மாணவிகள் மனனம் செய்கிறார்கள். கையில் கொடுத்தால் புரிந்துகொள்கிறார்கள்.

நமக்கு உதாரணம் தேடி டென்மார்க் போக வேண்டியதில்லை. தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலரைப் பாருங்கள். மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது. ரோலர் நிதானமாகச் சுழல்கிறது. இடையில் இருப்பது பற்சில்லுகளின் வேலை. வாட்டிய கொழுந்து நிரப்பிய பாத்திரத்தை மூன்று கிராங்குகள் வட்டமாக நகர்த்துகின்றன. அந்த ரோலரின் சிறு மாதிரி ஒன்றை என் பழைய துண்டுகளால் மாணவிகள் சிலருடன் சேர்ந்து கட்டினேன். மூன்று கிராங்குகளும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று ஒரு பல் அளவு விலகினாலும் எல்லாம் இறுகி நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்தவள், தாயும் தகப்பனும் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு மாணவி. வீட்டில் உள்ளவர்கள் நாளெல்லாம் கொழுந்து பறித்து அனுப்பும் ஸ்டோருக்குள் என்ன நடக்கிறது என்பது அன்று அவள் கைக்குள் சுற்றியது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மகன் ரேடியோவைக் கழற்றினால் என்ஜினியர் ஆவான் என்கிறோம். மகள் கழற்றினால் சாமானை உடைக்கிறாள் என்கிறோம். 1974இல் லெகோ நிறுவனம் தன் தொகுதிகளோடு பெற்றோருக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. ஆக்கும் ஆர்வம் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சமமாகவே இருக்கிறது. எதைக் கட்டுவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும் என்பது அதன் சாரம். இன்று உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதைத் தெரிவு செய்ய ஒரு பெண் பிள்ளை தயங்குவது, பதினாறு வயதில் தொடங்கும் தயக்கமல்ல. ஆறு வயதில் கையிலிருந்து திருகாணி முடுக்கியைப் பறித்த நாளில் தொடங்கியது.

விலையுயர்ந்த தொகுதி வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஓடாத மணிக்கூடு, பழைய மின்விசிறி, பழுதான தையல் மெஷின் எந்த வீட்டிலும் இருக்கும். மின்சார இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு விரிப்பின் மேல் வைத்து, கழற்ற விடுங்கள். கழற்றிய ஒழுங்கை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். பிறகு பூட்டச் சொல்லுங்கள். பூட்டி முடித்ததும், வெளியே தெரியாத திருகாணியும் இறுகியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.