பெயர் எழுதப்படாத முகங்கள்

மலையக மக்களின் வரலாற்றில் எழுத்தாவணங்களுக்கு நிலவும் பஞ்சம் நாமறிந்ததே. பொகவந்தலாவை சாந்த மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டுள்ள ஓர் ஆங்கிலப் பெண்மணியின் வாழ்வு, அப்பஞ்சத்தின் ஆழத்தை நமக்கு உணர்த்துகின்றது.

ஜூலியா மார்கரெட் கமரன் 1815 ஜூன் 11 இல் கல்கத்தாவில் பிறந்தார். அவரது கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களால் இலங்கையில் பெயர் பெற்றவர். இங்கு கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளர். மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டு, ஜூலியா தமது 48 ஆவது வயதில் படம் பிடிக்கத் தொடங்கினார். ஓவியத்தை ஒத்த மென்மையும் நிழலும் அவரது பாணியாயின. டெனிசன், டார்வின், ஹெர்ஷெல் போன்ற பெரியோர் அவர்முன் அமர்ந்தனர். அவரது வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும் அன்னை மரியாளாக அமர்ந்தார். அவரது பெயரை உலகம் இன்றும் அறியும்.

1875 இல் கமரன் தம்பதியர் இலங்கையில் குடியேறினர். இங்கு அவர் படம் பிடித்தோர் பெரும்பாலும் தமிழ், சிங்கள ஏழைத் தொழிலாளரே. எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் 1878 இல் எடுத்த ஒரு படத்தில் சிறுமியொருத்தியும் முதியவர் ஒருவரும் உள்ளனர். சிறுமிக்கு 12 வயதென்றும், தாமே அவளது தந்தையென்றும் தமக்கு நூறு வயதென்றும் முதியவர் கூறியதாகவும் குறிப்பு உண்டு. வயது உண்டு, உறவு உண்டு, பெயர் மட்டும் இல்லை. கண்ணாடித் தகட்டில் ஒளி பதியும் வரை அசையாது நின்ற அச்சிறுமியை எவ்வளவு உற்று நோக்கினும், அவள் யாரென அறிய வழியில்லை.

1879 ஜனவரி 26 இல் டிக்கோயாவில் கமரன் காலமானார். அவரது கல்லறையில் பெயர் உண்டு.

பெயரின்மை சிறு குறையன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோர் இம்மண்ணில் பிறந்தமைக்குச் சான்று கேட்டபோது, மலையக மக்களுள் பெரும்பாலானோரிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதையுண்டபோது, உயிர்களோடு குடும்ப ஆவணங்களும் புதையுண்டன.

தமிழ், முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் பாட்டிமாரின் பழைய படங்கள் இன்னும் உள்ளன. அவர்களை அறிந்த மூத்தோர் உயிரோடிருக்கும்போதே, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரையும் ஊரையும் எழுதி வைப்போம். நம் பிள்ளைகளுக்கு நாம் ஆற்றக்கூடிய எளிய கடமை இதுவாகும்.