அன்னா சாகர்

அன்னா சாகர் (சனவரி 2, 1859 – பெப்ரவரி 25, 1930) ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் உள்ள புகழ்பெற்ற சாகர் விடுதியை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய பெண்மணி ஆவார். ஆப்சுபர்க் பேரரசின் இறுதிக் காலத்தில் அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் அமைச்சர்களும் கூடும் இடமாக அவ்விடுதியை மாற்றியவர் இவரே. பேரரசு மறைந்த பின்னரும் அதே விருந்தினருக்காகவே அதனை நடத்த முயன்றதால் விடுதி கடனில் மூழ்கியது.

பிறப்பும் திருமணமும்

அன்னா வியன்னாவில் இறைச்சி வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். தந்தை வழிப் பெயர் ஃபுக்ஸ். 1880 ஆம் ஆண்டில், தன்னைவிடப் பதினாறு வயது மூத்தவரான எடுவர்ட் சாகரை மணந்தார். எடுவர்டின் தந்தை பிரான்சு சாகர், 1832 இல் இளவரசர் மெட்டர்னிக்கின் சமையற்கூடத்தில் பதினாறு வயதுப் பயிற்சியாளராக இருந்தபோது சாகர் டோர்ட்டே என்னும் சாக்லேட் கேக்கை உருவாக்கியவர் என்று கருதப்படுகிறார்.

எடுவர்ட் 1876 இல் வியன்னா அரச இசைநாடக அரங்கின் பின்புறம் ஒரு விடுதியைத் திறந்தார். முன்பு அவ்விடத்தில் பழைய கார்ந்த்னர்டோர் நாடக அரங்கு இருந்தது. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824 இல் முதன்முதலாக இசைக்கப்பட்டது அந்த அரங்கில்தான். விடுதிக்கு முதலில் இசைநாடக அரங்கின் பெயரே வைக்கப்பட்டிருந்தது. விரைவிலேயே உரிமையாளரின் பெயர் நிலைத்துவிட்டது.

விடுதிப் பொறுப்பு

எடுவர்ட் 1892 இல் காலமானார். அப்போது அன்னாவுக்கு வயது 33. கணவர் இறந்தபின் அவரது தொழிலை மனைவி தொடர்ந்து நடத்த ஆஸ்திரியத் தொழிற்சட்டம் இடமளித்தது. எனினும் இத்தகைய பெரிய விடுதி ஒன்றைப் பெண் ஒருவர் தாமே முன்னின்று நடத்துவது அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. அன்னா கூடத்தில் நின்று விருந்தினரை நேரில் வரவேற்றார். பொது இடத்தில் சுருட்டுப் புகைத்தார். அவரைச் சுற்றி எப்போதும் பிரெஞ்சு புல்டாக் வகை நாய்கள் இருந்தன. சுருட்டும் நாய்களும் அவரது அடையாளங்களாகவே ஆகிவிட்டன. அவரை நினைவுகூரும் பலர் இவற்றை மட்டுமே சொல்லி நிறுத்திவிடுகின்றனர். அவரது நிர்வாகத் திறமை அதிகம் பேசப்படுவதில்லை.

விடுதியின் செல்வாக்குக்கு முக்கியக் காரணம் அதன் தனி உணவறைகள் ஆகும. இசைநாடகம் முடிந்தபின் பிரபுக்கள் நடன மங்கையருடன் அங்கு இரவு உணவு உண்டனர். அமைச்சர்களும் தூதுவர்களும் பிறர் காதில் விழக்கூடாதவற்றை அங்கு பேசினர். உள்ளே நடந்தது வெளியே வராது என்ற நம்பிக்கையே அன்னா விற்ற பண்டம் எனலாம். ஆர்தர் சினிட்சிலர் எழுதிய "அனட்டோல்" என்னும் நாடகத் தொகுதியின் ஒரு காட்சி சாகரின் தனியறை ஒன்றில் நிகழ்வதாக அமைந்துள்ளது.

பேரரசர் பிரான்சு யோசப் விரைவாக உண்ணும் பழக்கம் உடையவர். அவர் உண்டு முடித்ததும் அனைவரின் தட்டுகளும் எடுக்கப்பட்டுவிடும். ஆகவே அரண்மனை விருந்திலிருந்து பசியோடு திரும்பிய அதிகாரிகள் நேரே சாகருக்கு வந்து உண்டனர் என்று ஒரு கதை வழங்குகிறது.

புகழ்பெற்ற விருந்தினர்களின் கையெழுத்தை அன்னா ஒரு மேசைவிரிப்பில் பெற்று, அவற்றின்மேல் நூலால் பூத்தையல் இட்டார். அதன் நடுவில் பேரரசரின் கையெழுத்து உள்ளது. இவ்விரிப்பு விடுதியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பேரரசின் வீழ்ச்சிக்குப் பின்

முதல் உலகப்போரின் முடிவில், 1918 இல் பேரரசு சிதைந்தது. 1919 இல் புதிய குடியரசு பிரபுப் பட்டங்களைச் சட்டத்தால் ஒழித்தது. தொடர்ந்து வந்த பணவீக்கத்தில் சேமிப்புகள் அழிந்தன. 1925 இல் புதிய நாணயமான சில்லிங் புழக்கத்துக்கு வந்தபோது, ஒரு சில்லிங்குக்குப் பத்தாயிரம் பழைய குரோனைக் கொடுக்க வேண்டியிருந்தது.

விடுதியின் பழைய வாடிக்கையாளர்கள் இவ்வாறு வறியவரானபோதும் அன்னா அவர்களைக் கைவிடவில்லை. அவர்களுக்குக் கடனாகவும் பல சமயம் இலவசமாகவும் உணவளித்தார். அதேவேளையில், பணம் இருந்தும் குடிப்பிறப்பு இல்லாத புதுச் செல்வர்களை ஏற்க மறுத்தார். பணம் கொடுக்க இயலாதவர் உள்ளே அமர்ந்திருக்க, கொடுக்கக்கூடியவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். இதனை ஈகை என்று போற்றுவோர் உண்டு. ஆனால் இறைச்சி வணிகரின் மகளாகப் பிறந்து தம் உழைப்பால் உயர்ந்த ஒருவர் பிறப்பைக் கொண்டு ஆளை அளந்தது முரணானது என்பதும் மறுக்க இயலாதது.

அன்னா தமது 71 ஆம் வயதில் வியன்னாவில் காலமானார்.

மறைவுக்குப் பின்

1934 இல் விடுதி நொடித்துப்போனது. குர்ட்லர், சில்லர் குடும்பங்கள் அதனை வாங்கிப் புதுப்பித்தன. அன்னாவின் மகனான எடுவர்ட், கேக் தொடர்பான உரிமையை டெமெல் என்னும் இனிப்பகத்துக்கு அளித்தார். எது அசல் சாகர் டோர்ட்டே என்பது குறித்து விடுதிக்கும் டெமெலுக்கும் இடையே நீண்ட வழக்கு மூண்டது. ஏப்ரிகாட் பழக்கூழை ஓர் அடுக்காகத் தடவுவதா, இரண்டாகத் தடவுவதா என்பதும் அதில் வாதிடப்பட்டது. 1963 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி "அசல்" என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை விடுதிக்கே கிடைத்தது.

விடுதியைக் களமாகக் கொண்டு "ஹோட்டல் சாகர்" என்னும் ஜெர்மன் மொழித் திரைப்படம் 1939 இல் வெளியானது.