நர்சம்மாக்களை உருவாக்கிய ஐடா அம்மையார்

ஆற்காட்டிலிருந்து பாலாற்றைக் கடந்தால் இராணிப்பேட்டை. இன்று தோல் தொழிலால் பெயர்பெற்ற அவ்வூரில் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் ஐடா சோஃபியா ஸ்கடர். தந்தையார் ஜான் ஸ்கடர், ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர்.

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த ஐடா, 1890இல் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். அங்கு ஓர் இரவில் பேறுகால வேதனையில் தவித்த மூன்று பெண்களுக்காக மூன்று வீட்டார் அவரிடம் உதவி கேட்டு வந்ததும், ஆண் மருத்துவரை அழைத்துச் செல்ல மறுத்ததும், மூவரும் இறந்ததும் நம் வட்டாரத்தில் பலரும் அறிந்த வரலாறு. அந்த இரவே அவரை மருத்துவராக்கியது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார்.

இதுவரை எல்லோரும் சொல்வர். மருத்துவர் ஒருவர் மட்டும் வந்துவிட்டால் போதுமா என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. பங்களாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றே அவரது மருந்தகம். இரண்டாண்டுகளில் அங்கு வந்த நோயாளிகள் சுமார் 5,000 பேர். முதல் பெரிய அறுவைச் சிகிச்சையின்போது உடன் நின்றவர், வீட்டுப் பணியாளரின் மனைவியான சலோமி என்னும் பெண்மணி. கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுக்கவும், கைநடுங்காமல் நிற்கவும் அவர் எப்பள்ளியில் பயின்றார்? வேலை செய்தே கற்றுக்கொண்டார். என்னைக் கேட்டால், வேலூர்ச் செவிலியர் வரலாறு அந்த அம்மாளிடமிருந்தே தொடங்குகிறது.

1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. கட்டடம் எழும்பியது, ஆள் வேண்டுமே! 1909இல் டெலியா ஹவுட்டன் அம்மையாருடன் சேர்ந்து ஐடா செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஒரு பெண் இப்பயிற்சிக்கு வருவது எளிதன்று. இரத்தத்தையும் மலசலத்தையும் தொடுவது தீட்டு எனக் கருதப்பட்ட காலம். வேற்றுச் சாதியார் உடலைத் துடைத்துவிடுவதை உறவினர் இழிவாகப் பேசுவர். இரவுப் பணி பார்க்கும் பெண்ணை யார் மணந்துகொள்வார் என்று பெற்றோர் அஞ்சுவர். இத்தனையும் தாண்டி வந்தவளுக்குப் படிப்பிலும் தொல்லை காத்திருந்தது. மருந்தின் பெயர்கள் ஆங்கிலத்தில். அளவுகளோ கிரெயின், டிராம், அவுன்ஸ். ஒரு டிராம் என்றால் 60 கிரெயின். இரண்டையும் மாற்றிவிட்டால் மருந்தே நஞ்சாகிவிடும். கணக்குத் தேர்வில் தவறினால் மதிப்பெண்தான் போகும். இங்கே தவறினால் உயிர் போகும். பகலெல்லாம் வார்டில் நின்ற கால்களோடு மாலையில் பாடம் படிப்பது எத்தகையது என்பதை, தங்கையையோ அக்காளையோ செவிலியர் படிப்புக்கு அனுப்பிய நம் தோழர்கள் நன்கறிவர்.

இத்தொல்லைகளை எல்லாம் ஐடா அம்மையார் ஒருவரே போக்கிவிட்டார் என்று சொல்வது மிகை. ஆயினும் அது பெண்களுக்காகப் பெண்களே நடத்திய மருத்துவமனை. பெற்றோரின் அச்சம் ஓரளவேனும் தணிய அதில் இடமிருந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி அவர் நடத்திய சாலையோர மருத்துவமும் உதவியது எனலாம். புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் பெண்ணைக் கிராமத்தார் கண்ணெதிரே கண்டனர். முதலில் பூதம் வருகிறதென்று அவருடைய மோட்டார் வண்டியைக் கண்டு ஓடியவர்களே, பின்னர் அது வரும் நாளுக்காக வழியோரம் காத்திருந்தனர். தாதி என்ற சொல் பின்தங்கி, நர்சம்மா என்ற மரியாதைச் சொல் நம் ஊர்களில் புழங்கத் தொடங்கியதற்கு இத்தகைய காட்சிகளும் காரணமாயிருக்கலாம்.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. முதலாண்டுத் தேர்வு எழுதிய பதினான்கு பேரும் தேறினர். பின்னாளில் அப்பள்ளி கல்லூரியாக உயர வேண்டிய நெருக்கடி வந்தபோது, எழுபது வயதில் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார் அம்மையார். அந்த உயர்வில் செவிலியர் பள்ளிக்கும் பங்கு கிடைத்தது. 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த செவிலியர் பட்டப்படிப்பு வேலூரில் தொடங்கியது. நாட்டிலேயே முதன்முதலாகச் செவிலியர்க்குப் பட்டம் அளித்த இடங்களுள் வேலூரும் ஒன்று. எந்தத் தொழிலுக்குப் பெண் அனுப்பத் தயங்கினார்களோ, அதே தொழிலைப் பயில்வோர் மற்ற மாணவியரைப் போலப் பட்டதாரிகளாயினர்.

அதே ஆண்டில் ஓய்வுபெற்ற அம்மையார் கோடைக்கானலில் குடியிருந்தார். எண்பது வயதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடினாராம்! 1960 மே 24 அன்று, தம் 89ஆம் வயதில், அம்மலையிலேயே காலமானார்.