நீலகிரிப் பறவைகளைத் தீட்டிய நங்கை

இயேசு பெருமான் தம் சீடர்களின் கவலையைப் போக்க வானத்துப் பறவைகளையே பாடமாகக் காட்டினார். அந்தப் பாடத்தை வாழ்நாளெல்லாம் படித்த பெண்மணி ஒருவர் நம் தமிழகத்து நீலகிரியில் வாழ்ந்தார். அவரே மார்கரெட் காக்பர்ன் அம்மையார்.

சேலத்தில் கலெக்டராயிருந்த எம்.டி. காக்பர்ன் என்பவரின் மகளாக 1829-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஏற்காட்டிற்குக் காபிப் பயிரைக் கொண்டுவந்தவர் என்று புகழ்பெற்றவர் அத்தந்தை. பின்னர் அக்குடும்பம் கோத்தகிரியில் குடியேறியது. 1843-இல் தந்தை அங்கே காபித் தோட்டம் அமைத்தார். 1863-இல் மகள் அவ்வூரின் முதல் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பெண்கள் தனித்துத் தொழில் நடத்துவது அரிதாயிருந்த காலம் அது.

ஆயினும் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டவை மலையில் வாழ்ந்த சின்னஞ்சிறு பறவைகளே. அவற்றையும் மலைச் செடிகொடிகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். நீர்வண்ண ஓவியம் எளிதன்று. காகிதத்தில் வண்ணம் ஊறிவிட்டால் திருத்துவது கடினம். பறவையோ கணநேரமும் ஓரிடத்தில் நில்லாது. இறந்த பறவையைப் பார்த்து அதன் நிறத்தைத் தீட்டிவிடலாம். அது கிளையில் அமரும் சாயலைக் காட்ட வேண்டுமானால், அதை உயிரோடு பலநாள் பார்த்திருக்க வேண்டும்.

அம்மையார் அவ்வாறு பார்த்தவர். எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது, எதைக்கொண்டு கட்டுகிறது, முட்டையின் நிறமென்ன என்றெல்லாம் கூர்ந்து நோக்கி எழுதினார். அக்குறிப்புகளை ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்பவருக்கு அனுப்பினார். 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான்! அவர் பறவை ஆராய்ச்சியிலும் பேரறிஞர்.

ஹியூம் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதப் பல ஆண்டுகள் உழைத்துக் கையெழுத்துப் படிகளைக் குவித்து வைத்திருந்தார். அவர் இல்லாத வேளையில் வேலையாள் ஒருவன் அவற்றைப் பழைய காகிதமென்று கடைத்தெருவில் விற்றுவிட்டான். அந்த உழைப்பு வீணாயிற்று. ஆனால் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய அவரது நூல் தப்பியது. 1889, 1890 ஆண்டுகளில் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில், பல பறவைகளைப் பற்றிக் கூறுமிடத்துக் கோத்தகிரி அம்மையாரின் பெயர் இடம்பெற்றுள்ளது. நீலகிரியிலும் அதையடுத்த மலைகளிலும் மட்டுமே வாழும் நீலகிரிச் சிரிப்பான் அவற்றுள் ஒன்று.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியதும் ஒன்றுண்டு. சிரிப்பானுக்கும் பல சிறு பறவைகளுக்கும் வீடாயிருப்பது சோலைக்காடு. காலப்போக்கில் தேயிலைத் தோட்டங்கள் பெருகப் பெருக, அச்சோலைகள் சுருங்கின. பறவைகளை நேசித்தவரே தேயிலைக்கும் வழிதிறந்தார். அன்று அதன் விளைவை யார் அறிவார்? இன்று அறிந்திருக்கும் நமக்கே பொறுப்பு மிகுதி.

நூறாண்டை நெருங்கிய நெடுவாழ்வு வாழ்ந்து, 1928-இல் அம்மையார் மறைந்தார். அவர் தீட்டிய ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஹியூமின் பெயர் நம் சரித்திரப் பாடத்தில் இருக்கிறது. அவருக்குக் கூட்டையும் முட்டையையும் பற்றி எழுதியனுப்பிய பெண்ணின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அன்புத் தோழியரே! பறவைகளைக் காண நாம் மலையேற வேண்டியதில்லை. நம் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பனைமரங்களில் தூக்கணாங்குருவி கூடு பின்னுகிறது. செம்பருத்திப் பூவில் தேன்சிட்டு தேனுறிஞ்சுகிறது. கூட்டைக் கலைக்காமல் எட்ட நின்று பாருங்கள். கண்டதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள். முடிந்தவரை வரைந்தும் பாருங்கள். இன்று அற்பமாகத் தோன்றும் அந்தக் குறிப்பு, நாளை அப்பறவை இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சியாகலாம்.